போர்ட்டிங் ஆளை நம்பி 1,85,000 ரூபாய் போச்சு, பணம் கட்டுமுன் இதைப் படிங்க

கும்பகோணம், தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் கேம் செய்கிற சின்ன டீம் யாராவது கன்சோல் போர்ட்டுக்கு, அதாவது ஒரு கருவியில் ஓடும் ஆட்டத்தை இன்னொரு கருவியில் ஓடவைக்க, ஆள் தேடிக்கொண்டிருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். 1,85,000 ரூபாயை ஒருத்தன் வாயில் போட்டுக்கொண்டான். ஃப்ரீலான்ஸ் ஆட்களைப் பிடித்துக் கொடுக்கும் ஒரு தளத்தில் கிடைத்தவன். என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் ஓடும் ஆட்டத்தை நின்டெண்டோ ஸ்விட்சுக்குக் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான் வேலை. கல்லணைக்கு வரும் தண்ணீரைக் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று பிரித்துவிட்டு, கடைமடை வயல் வரை கொண்டுசேர்க்கிற ஆட்டம். மேட்டூர் திறக்கிற ஜூன் 12-இல் வெளியிடுவதாக இருந்தோம்.

முதல் போனிலேயே அவன் கேட்டது இது: "தண்ணீ கணக்கு எத்தனை கோர்ல ஓடுதுங்க? ஸ்விட்ச்ல கேமுக்கு மூணுதான் கிடைக்கும்." இந்த ஒரு கேள்வியில்தான் நம்பினோம். கேள்வி சரியானதுதான். கோர் என்றால் பிராசஸருக்குள் கணக்குப் போடும் தனிப் பிரிவு. எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் 1.75 கிகாஹெர்ட்ஸில் 8 கோர். ஸ்விட்சில் 1.02 கிகாஹெர்ட்ஸில் 4 கோர், அதில் ஒன்று சிஸ்டத்துக்குப் போய்விடும். ஆறு த்ரெட்டில், அதாவது ஒரே நேரத்தில் ஆறு பிரிவாக, ஓடிய கணக்கை அப்படியே கொண்டுபோனால் 16.6 மில்லிசெகண்டில் (நொடிக்கு 60 ஃப்ரேம் வேகத்தில்) ஒரு ஃப்ரேம் முடியாது. "256-க்கு 256 கட்டத்தை 128-க்கு 128 ஆக்கிட்டா கால்வாசி வேலைதான். கணக்கை செகண்டுக்கு 15 தடவை ஓட்டிட்டு, இடையில வர்றதை இன்டர்போலேட் பண்ணி நிரப்பிக்கலாம்" என்றான். மெமரியையும் விடவில்லை. 8 ஜிபிக்காகச் செய்ததை 4 ஜிபியில் அடக்க வேண்டும். 2048-க்கு 2048 டெக்ஸ்சர் (ஆட்டத்தின் பொருள்கள்மேல் ஒட்டும் படம்) ஒன்று கம்ப்ரஸ் செய்யாமல் 16 எம்பி, பிசி7 என்ற கம்ப்ரஷன் முறையில் 4 எம்பி, ஏஎஸ்டிசி 8x8 என்ற முறையில் 1 எம்பி. எல்லாம் சரியாகச் சொன்னான். கூடவே "நமக்கு மன்னார்குடிதாங்க" என்று ஒரு வார்த்தை.

தளம் வழியாக 35,000 கட்டினோம். பிறகு "டெவ்கிட் வாடகை" என்று 1,50,000 கேட்டான். அதைத் தளத்துக்கு வெளியே, நேராக அவன் பேங்க் கணக்குக்கு அனுப்பினோம். ஆக 1,85,000. டெவ்கிட் என்பது ஆட்டத்தைச் செய்து சோதிப்பதற்கான தனிக் கருவி, அனுமதி வாங்கிய டெவலப்பருக்கு மட்டும் கொடுப்பது, வாடகைக்கு விடும் பொருளே இல்லை.

மூன்று வாரம் கழித்து, கையடக்கக் கருவியில் ஆட்டம் ஓடும் வீடியோ வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டாம் தடவை பார்க்கும்போதுதான் உறைத்தது. மடை திறக்கச் சொல்லித் திரையில் 'ஏ' வருகிறது, அவன் கட்டைவிரல் கீழ்ப் பட்டனை அழுத்துகிறது. எக்ஸ்பாக்ஸில்தான் 'ஏ' கீழே இருக்கும். ஸ்விட்சில் அது வலது பக்கம், கீழே இருப்பது 'பி'. திரையின் அடியில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு வேறு, ஆண்ட்ராய்டு போனில் விரலால் மேலே இழுப்போமே, அதே கோடு.

அவன் அனுப்பிய ஃபைல் .என்எஸ்பி என்று முடிந்தது, ஸ்விட்ச் ஆட்டத்தின் ஃபைல் வகை அது. ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் முதல் இரண்டு எழுத்து 'பிகே'. அது ஜிப். உண்மையான என்எஸ்பி 'பிஎஃப்எஸ்0' என்று தொடங்கும். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஆண்ட்ராய்டு ஆப்பில் இருக்கும் மேனிஃபெஸ்ட் ஃபைல். கேம் செய்யும் மென்பொருளான யூனிட்டியில் ஆண்ட்ராய்டுக்கு பில்ட் போட்டு, பெயரை மட்டும் மாற்றியிருக்கிறான். அதற்கு டெவ்கிட்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்.

கேட்டதற்கு வந்த பதில்கள்: "என்டிஏ (ரகசியம் காக்கும் ஒப்பந்தம்) இருக்கு சார், லாக் காட்ட முடியாது." அடுத்த வாரம், "கிட் சர்வீஸுக்குப் போயிருக்கு." அதற்கடுத்த வாரம், "லாட்செக்ல இருக்கு, அவங்க பதில் சொல்லணும்." லாட்செக் என்றால் வெளியிடும் முன் நின்டெண்டோ செய்யும் சோதனை. அதற்கு ஆட்டத்தை அனுப்புவது வெளியிடுகிறவரின் கணக்கிலிருந்து. எங்கள் கணக்கில் அப்படி ஒன்றும் போகவே இல்லை! இதைச் சொன்னதும் நம்பரை பிளாக் செய்துவிட்டான். தளத்தில் நான்கு டிக்கெட் போட்டோம், நான்குக்கும் வெட்டி ஒட்டிய ஒரே பதில்: வெளியே கட்டிய பணத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை. சரி, உள்ளே கட்டிய 35,000? "பணி முடிந்ததாக நீங்கள் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்." வீடியோ வந்த அன்றைக்கு சந்தோஷத்தில் அந்தப் பட்டனை அழுத்தியிருந்தோம். 1,85,000 ரூபாய், மூன்று பேரின் ஆறு மாத உழைப்பு.

பார்க்க வேண்டியவை, அவசரமாக எழுதுகிறேன். டெவலப்பர் பதிவை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள், டெவ்கிட் உங்கள் மேஜையில் இருக்கட்டும், போர்ட் செய்கிறவர் உங்கள் ரெப்போவில் (ஆட்டத்தின் கோடை வைத்திருக்கும் இடம்) கமிட் போடட்டும், அதாவது செய்த மாற்றத்தை அங்கேயே பதியட்டும். வீடியோவை ஏற்காதீர்கள். கருவியைக் கையில் வைத்து, டிவியோடு இணைக்கும் டாக்கில் சொருகி எடுக்கச் சொல்லி, ரெசல்யூஷன் 720-இலிருந்து 1080-க்கு மாறுகிறதா என்று நேரில் பாருங்கள். தளத்துக்கு வெளியே ஒரு ரூபாய்கூட வேண்டாம். பணம் போனது தெரிந்த உடனே சைபர் க்ரைம் உதவி எண் 1930-க்கு அடியுங்கள், நாங்கள் மூன்று வாரம் அவன் பதிலுக்காகக் காத்திருந்துவிட்டோம். பேங்க் மூடுவதற்குள் ஸ்டேட்மென்ட் வாங்கப் போகிறேன், மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.