பழைய காம்ப்ளெக்ஸ்: ரிப்பேர் பண்றதா, இடிச்சு கட்டுறதா?

அண்ணா சாலை பக்கத்துல பழைய ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் ஒண்ணுல எங்க குடும்பத்துக்கு ஒரு கடை இருக்கு. லிஃப்ட், வயரிங் மாத்தி இருக்கிறத சரி பண்ணிக்கலாமா, இல்ல மொத்தமா இடிச்சு கீழ கடை, நடுவுல ஆபீஸ், மேல ஃப்ளாட்டுன்னு பில்டரோட சேந்து கட்டலாமான்னு ஓனர்ஸ் மீட்டிங்ல ரொம்ப நாள் இழுத்துச்சு. நாங்க இடிக்கிற பக்கம் கையெழுத்து போட்டுட்டோம்.

ரிப்பேர்ல செலவு கம்மி, கடைய மூட வேணாம், அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். இடிச்சு கட்டினா தமிழ்நாட்டோட 2019 கட்டிட ரூல்ஸ்படி 18 மீட்டர் அகல ரோட்ட ஒட்டின ஹைரைஸுக்கு (உயரமான கட்டிடத்துக்கு) எஃப்எஸ்ஐ, அதாவது நிலத்தோட பரப்புக்கு எத்தனை மடங்கு கட்டலாம்ங்கிற கணக்கு, 3.25 கிடைக்கும், நம்ம யுடிஎஸ்க்கு (நிலத்துல நமக்கு இருக்கிற பிரிக்காத பங்குக்கு) மதிப்பு வர்றதே அங்கதான்.

ஆனா என்னைப் பொறுத்தவரைக்கும் முடிவு பண்ணது மெயின்டனன்ஸ். ஸ்பென்சர் பிளாசாவையே எடுத்துக்கோங்க, ஒரு காலத்துல மொத்த மெட்ராஸும் அங்கதான் நின்னுச்சு, கடைகள தனித்தனியா வித்ததால ஓனருங்க ஏகப்பட்ட பேரு, எதை மாத்தணும்னாலும் அத்தனை பேரும் ஒத்துவரணும். 2010ல வந்த எக்ஸ்பிரஸ் அவென்யூல கடை எல்லாம் வாடகைதான், மாலு, ஆபீஸ், ஹோட்டல் எல்லாம் ஒரே கை பாத்துக்குது. எங்க காம்ப்ளெக்ஸ்லயும் பாதி பேரு மெயின்டனன்ஸ் கட்டுறதில்ல, மேல் மாடி பூட்டியே கிடக்கு, இதுல புது லிஃப்ட் போட்டாலும் அத யாரு பாத்துப்பா? அதனால புது பில்டிங்ல கடை, ஆபீஸ், வீடு மூணுக்கும் தனித்தனி மீட்டர், தனி லிஃப்ட், கார்பஸ் ஃபண்ட் (பெரிய பராமரிப்பு செலவுக்குன்னு முன்னாடியே சேத்து வைக்கிற பணம்), பொதுவா ஒரே மேனேஜ்மென்ட், இதெல்லாம் அக்ரிமென்ட்லயே வரணும்னு நின்னோம். 2022 அபார்ட்மென்ட் ஓனர்ஷிப் சட்டத்துல மூணுல ரெண்டு பங்கு ஓனருங்க சம்மதிச்சா ரீடெவலப்மென்ட்டுக்கு போலாம்னு இருக்கு, முன்ன மாதிரி ஒருத்தர் முரண்டு பிடிச்சா எல்லாம் நின்னுடும்ங்கிற பயம் குறைஞ்சிருக்கு.

கடைக்கு மேல குடியிருக்கிறவங்களுக்கு லோடு வண்டி சத்தம், பார்க்கிங் சண்டை எப்படி இருக்கும்னு நான் வாழ்ந்து பாத்ததில்ல, அதனால அந்த ஃப்ளாட்ட வாங்குங்கன்னு யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இன்னொண்ணு, கட்டி முடிக்கிற வரைக்கும் வியாபாரம் எங்க? 1985ல மூர் மார்க்கெட் எரிஞ்சப்புறம் கடைக்காரங்க அல்லிக்குளம் காம்ப்ளெக்ஸுக்கு போனாங்க, பழைய கூட்டம் கூடவே வரல. அதே ஏரியாவுல தற்காலிகமா இடம், இல்லன்னா மாச வாடகை, ரெண்டுல ஒண்ண எழுத்துல வாங்காம சாவிய குடுத்துடாதீங்க.