10×50 பைனாகுலர்: மொட்டை மாடிக்கென்று வாங்காதீர்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 50 மி.மீ. அகலம்; அதுதான் 10×50. நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்து ஆன்லைனில் வாங்கி நாலு மாதம் ஆகிறது. பெட்டி மேல் பால்வெளியை ஊதாவும் ரோஸுமாக மத்தாப்பு மாதிரி அச்சடித்திருந்தார்கள். மதுரை வில்லாபுரத்தில் எங்கள் மாடியில் ஏறிப் பார்த்தேன். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி அருமையாகத் தெரிந்தது. வானத்தில் நாலைந்து நட்சத்திரம், மற்றதெல்லாம் தெருவிளக்கு வெளிச்சம்.

சரி, கருவியைக் குறை சொல்லும் முன் இருட்டில் ஒரு தடவை பார்ப்போம் என்று மாசி அமாவாசைக்குச் சாப்டூர் பக்கம் மாமா தோட்டத்துக்கு எடுத்துப் போனேன். விடிகாலை நாலு மணி. மோட்டார் ரூம் லைட்டை அணைத்துவிட்டு, கண் பழக இருபது நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தோம். தென்கிழக்கே விருச்சிகம் ஏறி நின்றது. கேட்டை சிவப்பாக, கொடுக்கில் மூலம். அந்தக் கொடுக்குக்கும் தனுசுக்கும் நடுவாந்திரத்தில்தான் பால்வெளியின் மையம், சுமார் 26,000 ஒளியாண்டு தூரம். வெறும் கண்ணுக்கு ஊதாவுமில்லை, ரோஸுமில்லை. ஈர விறகுப் புகை மாதிரி ஒரு வெளுப்பு, நடுவில் கிழிந்தாற்போல் கறுப்பு. அந்தக் கறுப்பு காலி இடமல்ல, பின்னாலிருக்கும் வெளிச்சத்தை மறைக்கிற தூசு.

அப்புறம் பைனாகுலரை வைத்தேன். புகை உடைந்து பொடிப்பொடியாக நட்சத்திரம், கோலமாவு சிந்தினாற்போல. 1610-ல் கலிலியோ எழுதியதும் இதைத்தான். கொடுக்குக்கு இடப்பக்கம் எம்7 என்கிற நட்சத்திரக் கொத்து தனித்தனிப் புள்ளியாகப் பிரிந்தது.

மாமா வாங்கிப் பார்த்தார். "இதத்தான் மருமகனே எங்காத்தா ஆகாச கங்கைன்னு சொல்லும். அம்புட்டும் நட்சத்திரமாவா?" விடியும்வரை எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

குறைகள் உண்டு. கனம். நின்றபடி பார்த்தால் நட்சத்திரமெல்லாம் புழுவாய் நெளியும். கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து முழங்கையை ஊன்றினால்தான் நிற்கிறது. ஸ்டாண்டில் மாட்டும் இணைப்பைத் தனியாக வாங்க வேண்டும். பனியில் லென்ஸ் மங்கினால் தோள் துண்டால் துடைக்காதீர்கள், கீறல் விழும் (எனக்கு விழுந்தது). கழுத்து வார் இரண்டாம் மாதமே பிய்ந்தது. விற்றவர்களிடம் கேட்டால் ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டதாம். செருப்புத் தைக்கிற அண்ணன் முப்பது ரூபாய்க்குத் தைத்துக் கொடுத்தார், அது கெட்டியாக இருக்கிறது.

பால்வெளி பார்க்க நேரம்: அமாவாசையை ஒட்டி, மாசி பங்குனியில் விடிகாலை; மேகமில்லாவிட்டால் ஆவணி புரட்டாசியில் இருட்டியதுமே. ஊருக்கு வெளியே போக வழியிருந்தால் வாங்கலாம். ஐந்துக்கு நாலு, வாருக்காக ஒன்று குறைத்திருக்கிறேன்.