எச்.க்யூ கிங்ஸ்வுட்டில் ஃபோர்டு பார்ரா இன்ஜின்: நாலு வருடம் ஓட்டிய பிறகு

என்னிடம் இருப்பது 1973ஆம் வருடத்து ஹோல்டன் எச்.க்யூ கிங்ஸ்வுட் செடான். அதன் பானெட்டுக்குள் ஓடுவது ஃபோர்டின் பி.எஃப் ஃபால்கன் காரிலிருந்து எடுத்த 4.0 லிட்டர், ஆறு சிலிண்டர் பார்ரா இன்ஜின். அதோடு வந்த இசட்.எஃப் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கையும் சேர்த்தே போட்டிருக்கிறேன். நாலு வருடத்துக்கு மேலாக இதுதான் என் தினசரி வண்டி. மெல்பர்ன் பக்கம் டாண்டினாங்கிலிருந்து வேலைக்குப் போவதும், வாரக் கடைசியில் குடும்பத்தோடு ஜிலாங் பக்கம் போவதும், விடுமுறையில் சிட்னி வரை போவதும் இதில்தான். இன்ஜின் மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் முதல் மாத சந்தோஷத்தில் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். பணம் போடப்போகிறவருக்குத் தேவை அதற்குப் பிந்தைய கதை.

ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதில் என்ன விசேஷம் என்று தோன்றலாம். இங்கே ஹோல்டனும் ஃபோர்டும் பரம்பரை எதிரிகள். ஹோல்டன் தன் முதல் காரை 1948இல் வெளியிட்டது. 1960இல் ஃபோர்டு ஃபால்கனைக் கொண்டுவந்தது. அதன் பிறகு பாதர்ஸ்ட் பந்தயத்தில் இரண்டும் மோதிக்கொண்டதைப் பார்த்து வளர்ந்த தலைமுறைகள் இங்கே உண்டு. அப்பா ஹோல்டன் என்றால் பிள்ளையும் ஹோல்டன்தான். அப்படிப்பட்ட ஊரில் கிங்ஸ்வுட்டுக்குள் ஃபோர்டு இன்ஜின் வைத்தால் பெட்ரோல் பங்க்கில் யாராவது ஒருவர் முகம் சுளிக்கத்தான் செய்வார். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: வெளியார் இன்ஜினை ஹோல்டனுக்குள் முதலில் வைத்தது ஹோல்டன் நிறுவனமே. 1986இல் புதிய கார்கள் ஈயமற்ற பெட்ரோலில் ஓடவேண்டும் என்று விதி வந்தபோது, தன் பழைய ஆறு சிலிண்டர் இன்ஜினை அதற்கேற்பத் திருத்துவதை விட்டுவிட்டு நிசானிடம் போய் ஆர்.பி.30 இன்ஜினை வாங்கி வி.எல் கொமடோரில் வைத்தது. அதுவும் நேர்வரிசை ஆறு சிலிண்டர்தான். இன்றைக்கு அந்த வி.எல் டர்போவைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். 1988இல் ஹோல்டன் வி6 பக்கம் போய்விட்டது. நேர்வரிசை ஆறைக் கடைசிவரை விடாமல் செதுக்கிக்கொண்டே வந்தது ஃபோர்டு மட்டும்தான். 1960இன் முதல் ஃபால்கனில் தொடங்கிய அந்த வழி 2002இல் பார்ராவில் வந்து நின்றது. 2016 அக்டோபரில் ஃபால்கன் உற்பத்தி நின்றதோடு அதுவும் முடிந்தது.

என் எச்.க்யூ ஆறு சிலிண்டரோடு பிறந்த வண்டி. 202 கன அங்குலம், அதாவது 3.3 லிட்டர், சிவப்பு வண்ணம் பூசிய இன்ஜின், ஒற்றைக் கார்புரேட்டர், டிரைமேட்டிக் என்ற மூன்று கியர் ஆட்டோமேட்டிக். அந்த இன்ஜின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஒரு ஸ்பேனர் செட் இருந்தால் எங்கு நின்றாலும் சரிசெய்துவிடலாம். ஆனால் இன்றைய நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் அது 2,800 ஆர்.பி.எம்மில் கத்திக்கொண்டே இருக்கும். மேட்டில் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் முந்த முடியாது. ஃபைபரில் செய்த டைமிங் கியரும் ஒருநாள் பல் உதிர்ந்து நிற்கும் என்ற கவலை வேறு. நூறு கிலோமீட்டருக்குப் பதினைந்து லிட்டருக்குக் குறையாமல் குடித்தது.

சரி, ஜெனரல் மோட்டார்ஸின் எல்.எஸ் வி8 போட்டிருக்கலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். அது சுலபமான வழி, நல்ல வழியும்கூட. அதற்கான சாமான்கள் கடையில் தயாராகவே கிடைக்கும். எனக்கு இந்தக் கார் ஆறு சிலிண்டர் காராகவே இருக்கவேண்டும். நேர்வரிசை ஆறில் பிஸ்டன்களின் அசைவுகள் ஒன்றையொன்று சமன்செய்துவிடுவதால் தனியாக பேலன்ஸ் ஷாஃப்ட் இல்லாமலே வழுக்கிக்கொண்டு ஓடும். அந்த ஓட்டமும் சத்தமும்தான் கிங்ஸ்வுட்டின் குணம். வி8 போட்டால் அது வேறு காராகிவிடும்.

பார்ராவின் விவரம் தெரியாதவர்களுக்கு: இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், மேலே இரண்டு கேம் ஷாஃப்ட், சிலிண்டருக்கு நாலு வால்வு, 3,984 சிசி. பி.எஃப் ஃபால்கனில் டர்போ இல்லாத இன்ஜின் 190 கிலோவாட் சக்தி தரும். 2,500 ஆர்.பி.எம்மிலேயே 383 நியூட்டன் மீட்டர் டார்க் வந்துவிடும். பழைய 202இன் டார்க்கை விட இது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. எச்.க்யூவோ அந்த ஃபால்கனை விட 300 கிலோவுக்கு மேல் இலகு. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், டர்போ இல்லாமலே போதும் என்ற என் முடிவு புரியும். பார்ராவின் பெயரைப் பரப்பியது டர்போ வகைதான், மறுக்கவில்லை. ஆனால் டர்போ வைத்தால் அதன் வெப்பத்தை ஸ்டீயரிங் தண்டுக்குப் பக்கத்திலேயே சமாளிக்கவேண்டும், இன்டர்கூலருக்கு இடம் தேடவேண்டும், பிரேக்கும் டிஃபரன்ஷியலும் (பின்சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் கியர் பெட்டி) இன்னொரு படி மேலே போகவேண்டும், சான்றிதழ் விதிகளும் இறுகிவிடும். தினசரி வண்டிக்கு இத்தனையும் வேண்டாம்.

வேலைக்கு வருவோம். எச்.க்யூவில் ஒரு பெரிய வசதி, முன்பக்கச் சேசிஸ் பாடியோடு போல்ட் போட்டு மாட்டப்பட்டது. அதை அப்படியே கீழே இறக்கி, தரையில் வைத்தே இன்ஜினையும் கியர்பாக்ஸையும் உட்காரவைத்துப் பார்க்கலாம். பானெட் வழியாகக் குனிந்து அளவெடுக்கிற அவஸ்தை இல்லை. இன்ஜின் மவுன்ட்டுகள் இந்த மாற்றத்துக்கென்றே தயாரித்து விற்கிறார்கள், வாங்கிவிடுங்கள். வெல்டிங் தெரிந்தவர்கூட இதை வீட்டில் செய்து நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. உண்மையான தலைவலி சம்ப், அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி. ஃபால்கனின் சம்ப் எச்.க்யூவின் குறுக்குச் சட்டத்தோடு ஒத்துப்போகாது. இன்ஜினும் உயரமானது. சம்ப்பை அப்படியே வைத்துக்கொண்டு இன்ஜினைத் தூக்கினால் பானெட்டில் ஓட்டை போடவேண்டி வரும். நான் சம்ப்பை வெட்டித் தைத்து, அதிலிருந்து ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாயையும் அதற்கேற்ப மாற்றிச் செய்யவைத்தேன். தடுப்புத் தகடுகள் உள்ளே சரியாக அமைந்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே மூடவிட்டேன். வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கினால் இன்ஜின் போய்விடும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் செலவைப் பார்க்காதீர்கள்.

இசட்.எஃப் கியர்பாக்ஸ் பருமனானது என்பதால் தரைக்கு நடுவே உள்ள டனலைக் கொஞ்சம் வெட்டி அகலப்படுத்த வேண்டியிருந்தது. பின்னால் பழைய பாஞ்சோ டிஃபரன்ஷியல் இந்த இழுவையைத் தாங்காது. எச்.க்யூ வி8களில் வந்த சாலிஸ்பரி டிஃபரன்ஷியல் தேடிப்பிடித்து 3.36 விகிதத்தில் போட்டேன். முன் டிரம் பிரேக்குக்குப் பதில் டிஸ்க்கும் பூஸ்டரும். ரேடியேட்டர் புதிது, இரட்டை மின்விசிறி. இவையெல்லாம் எந்த நல்ல ஒர்க்‌ஷாப்பும் செய்யும் வேலைகள்.

வயரிங்தான் பாதிப் பேரைக் கைவிட வைக்கிறது. இந்த இன்ஜின் தனியாக ஓடாது. ஃபால்கனின் கணினி, மீட்டர் கன்சோல், பாடி கன்ட்ரோல் பெட்டி, சாவியின் சிப் எல்லாம் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டால்தான் ஸ்டார்ட் ஆகும். கியர்பாக்ஸும் அதே கம்பிகளில்தான் இன்ஜினோடு பேசுகிறது. ஆகவே வெறும் இன்ஜினை வாங்காமல், பின்னால் இடிபட்டு ஒதுக்கப்பட்ட முழு ஃபால்கனையே வாங்கினேன். இதை அழுத்திச் சொல்கிறேன்: முழுக் காரை வாங்குங்கள். அக்ஸலரேட்டர் பெடலில் இருந்து சின்ன பிளக் வரை எல்லாம் அதிலிருந்தே எடுக்கலாம், இன்ஜினை ஓட்டிப் பார்த்தும் வாங்கலாம், மிச்சத்தை விற்றால் பணத்தில் ஒரு பங்கு திரும்பி வரும். வயரிங் கட்டு முழுவதையும் கழற்றித் தேவையில்லாததை உருவிவிட்டு, கணினியில் சாவிப் பூட்டை நீக்க ஒரு ட்யூனரிடம், அதாவது இன்ஜின் கணினியை மாற்றியமைப்பவரிடம், கொடுத்தேன். வெளியிலிருந்து தனி கணினி வாங்கிப் போடலாம்தான். ஆனால் ஃபோர்டின் பொறியாளர்கள் குளிர் காலையிலும் நாற்பது டிகிரி வெயிலிலும் ஓட்டிப் பார்த்துச் செய்த அளவீடுகள் அந்தப் பழைய பெட்டிக்குள் இருக்கின்றன. நாலு வருடமாக எந்தப் பருவத்திலும் சாவி திருப்பியதும் பிடித்துக்கொள்கிறது என்றால் காரணம் அதுதான்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. விக்டோரியாவில் இப்படி மாற்றினால் வாஸ் திட்டத்தின்கீழ் அங்கீகாரம் பெற்ற பொறியாளரின் சான்றிதழ் வேண்டும். வேலை முடித்துவிட்டு அவரிடம் போகாதீர்கள். முதல் போல்ட்டைக் கழற்றுமுன் போய் என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். டனல் வெட்டு, பிரேக் இரண்டையும் பற்றி என் பொறியாளர் முன்கூட்டியே சொன்னதால் எதையும் இரண்டாம் முறை செய்யவேண்டி வரவில்லை. காப்பீட்டிலும் இன்ஜின் மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து, கார் மதிப்பை முன்பே ஒத்துக்கொள்ளும் வகை பாலிசி எடுங்கள்.

இப்போது ஓட்டம். ஆறாவது கியரில் 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 1,900 ஆர்.பி.எம் அளவில் ஓடுகிறது. பழைய 2,800ஐ நினைத்துப் பாருங்கள். காருக்குள் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டு போகிறோம். ஹ்யூம் நெடுஞ்சாலையின் ஏற்றங்களில் கியர் இறங்காமலே ஏறிவிடும். முந்தவேண்டும் என்றால் காலை லேசாக அழுத்தினால் போதும், அடியிலிருந்தே தள்ளிக்கொண்டு போகும். இந்த அடிமட்ட இழுவைதான் எனக்கு பார்ராவில் மிகவும் பிடித்தது. 202இன் குணமும் இதுவேதான், அதை இரண்டு தலைமுறை வளர்த்தெடுத்த மாதிரி இருக்கிறது. ஐந்தாயிரத்தைத் தொடும்போது வரும் ஒலி மட்டும் வேறு, கூர்மையானது. பெட்ரோல் நெடுஞ்சாலையில் பத்து லிட்டரை ஒட்டி, நகரத்தில் பதின்மூன்று, பதினாலு. அதுவும் சாதாரண 91 ஆக்டேன் பெட்ரோலில்.

குறைகளும் உண்டு. எக்ஸாஸ்ட் ஓட்டுநர் பக்கம் இருப்பதால் கோடையில் கால் பக்கம் சூடு வரும். வெப்பத் தடுப்புத் தகடும் தரைக்கு அடியில் இன்சுலேஷனும் போட்ட பிறகு தாங்கும்படி ஆனது, முழுவதும் போகவில்லை. முதலில் போட்ட கடினமான யூரித்தேன் மவுன்ட் சிக்னலில் நிற்கும்போது டேஷ்போர்டை அதிரவைத்தது, ரப்பருக்கு மாற்றியதும் அடங்கிவிட்டது. பெட்ரோல் டேங்க் கால்வாசிக்குக் கீழே போனால் நீண்ட வளைவுகளில் இன்ஜின் ஒரு கணம் தடுமாறியது. டேங்குக்குள் தடுப்போடு கூடிய பம்ப் அமைப்பு வைத்ததும் சரியாகிவிட்டது. இந்த வேலையை ஆரம்பத்திலேயே சேர்த்துச் செய்துவிடுவது மேல். பானெட்டுக்குள் இடமே இல்லை என்பதையும் சொல்லவேண்டும். 202இல் கைவிட்டுத் துழாவி எடுத்த சாமான்களை இதில் இரண்டு பாகங்களைக் கழற்றித்தான் தொடமுடியும்.

பார்ராவுக்கென்றே தெரிந்த பலவீனங்கள் சில. ஆயில் பம்ப்பின் கியர்கள் அதிக ஆர்.பி.எம்மையும் கூடுதல் சக்தியையும் தாங்காமல் உடையும் என்பது இங்கே எல்லா மெக்கானிக்கும் சொல்வது. இன்ஜின் வெளியே இருக்கும்போதே உறுதியான கியர்களைப் போட்டுவிட்டால் கவலை இல்லை. டைமிங் செயின் கைடுகளையும் அப்போதே மாற்றிவிடுங்கள். வால்வ் கவர் கேஸ்கெட் ஆயில் கசியும், ஸ்பார்க் பிளக் குழிகளில் எட்டிப் பாருங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம் கியர்பாக்ஸ் ஆயில் கூலர். தொழிற்சாலை அமைப்பில் கூலன்ட்டைக் கொண்டே கியர் ஆயிலைக் குளிர்விக்கிறார்கள். உள்ளே விரிசல் விட்டால் கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் போய் அதை முழுதாகக் கொன்றுவிடும். அதை எடுத்துவிட்டு, காற்றில் குளிரும் தனி கூலர் வைத்தேன். மொத்த வேலையிலும் குறைந்த செலவில் அதிக நிம்மதி தந்தது இதுதான். இசட்.எஃப் ஆயிலை வாழ்நாளுக்கும் மாற்றவேண்டாம் என்று சொல்பவர்களை நம்பவேண்டாம். எண்பதாயிரம் கிலோமீட்டருக்குள் சம்ப் ஃபில்டரோடு சேர்த்து மாற்றிவிடுங்கள்.

மொத்தச் செலவு சுமார் 18,000 ஆஸ்திரேலிய டாலர், என் கைவேலையைக் கணக்கில் சேர்க்காமல். விற்றால் இந்தப் பணம் திரும்பாது. நல்ல நிலையில் உள்ள அசல் எச்.க்யூவுக்குக் கிடைக்கும் விலையை ஃபோர்டு இன்ஜின் போட்ட எச்.க்யூவுக்கு ஹோல்டன் ரசிகர் யாரும் தரமாட்டார். லாபம் பார்த்து இறங்குபவர்கள் வேறு வேலை பார்க்கலாம்.

எந்தக் காரில் செய்யக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தொழிற்சாலையில் போட்ட அசல் இன்ஜினே இன்னும் இருக்கும் மொனாரோவையும் (ஹோல்டனின் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார்), ஒரே கை பார்த்த, துருப்பிடிக்காத அசல் கிங்ஸ்வுட்டையும் தொடாதீர்கள். 4,85,650 எச்.க்யூக்கள் தயாரானாலும் அப்படி மிஞ்சியவை குறைவு. என்னுடையது ஏற்கெனவே இன்ஜின் மாறி, டனல் துரு ஏறி, ஷெட்டில் கிடந்த வண்டி. அப்படி ஒன்று கையில் இருந்து, அதை அடிக்கடி ஓட்டவேண்டும் என்ற ஆசையும் இருந்தால் பார்ராவைத் தயங்காமல் போடலாம். முழு ஃபால்கன்கள் உடைப்புக் கடைகளில் இன்னும் கிடைக்கின்றன. டர்போ இன்ஜின்களைத்தான் பந்தயக்காரர்கள் அள்ளிக்கொண்டு போகிறார்கள். டர்போ இல்லாதவற்றின் விலை இப்போதைக்கு நம் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.