ஜிப்ரோம்ஸ் ரிவ்யூ: யாருக்கு ஒத்துவரும், யாருக்கு காசு தண்டம்

சிங்கப்பூர் ஜூரோங் தீவுலயும் துவாஸ்ல இருக்குற மருந்து பிளாண்ட்டுகள்லயும் வேல பாக்குற நம்மாளுங்க நெறைய பேரு என்கிட்ட கேக்குறது இதத்தான், "அண்ணே ஆஸ்பென் ஓட்டத் தெரியும், ஜிப்ரோம்ஸும் கத்துக்கணுமா, கம்பெனிய வாங்கச் சொல்லலாமா"ன்னு. ரெண்டும் பிளாண்ட்ல நடக்குறத சமன்பாடா போட்டு கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்குற சாஃப்ட்வேர், ரெண்டையும் வேலையில ஓட்டுறவன்ங்கற முறையில எழுதுறேன். வெல மட்டும் கேக்காதீங்க, அது ஒவ்வொரு கம்பெனியும் கொட்டேஷன் வாங்கித்தான் பேசணும்.

கதை சுருக்கம்: லண்டன் இம்பீரியல் காலேஜ் ஆராய்ச்சிலேர்ந்து 1997ல தனி கம்பெனியா வெளிய வந்த சாமான் ஜிப்ரோம்ஸ், 2019ல சீமென்ஸ் வாங்கிருச்சு. ஆஸ்பென் அதுக்கு முன்னாடியே எம்ஐடி ப்ராஜெக்ட்லேர்ந்து வந்தது, 1981ல கம்பெனி ஆச்சு.

வித்தியாசம் எங்கன்னா, ஆஸ்பென் பிளஸ்ஸ சும்மா அப்படியே ஓட்டுனா ஒவ்வொரு யூனிட்டா (கருவியா) வரிசையா கணக்கு போடும், ரீசைக்கிள் (வெளிய வந்தத திரும்ப உள்ள அனுப்புற லைன்) இருந்தா ஒரு நம்பர யூகிச்சுட்டு திரும்பத் திரும்ப சுத்தி வந்து செட்டில் ஆகும் (எல்லா சமன்பாட்டையும் சேத்து தீக்குற மோடும் அதுல இருக்கு, ஆனா பல பேரு அந்தப் பக்கம் போறதே இல்ல). ஜிப்ரோம்ஸ் பொறப்புலயே எல்லா சமன்பாட்டையும் ஒண்ணா அள்ளி ஒரே நேரத்துல தீக்குற ஜாதி. அதனால எது தெரிஞ்சது எது தெரியாததுன்னு நீங்கதான் முடிவு பண்றீங்க. டிஸ்டிலேஷன்ல ரிஃப்ளக்ஸ் (குளிர வச்சு டவருக்கே திருப்பி விடுற அளவு) குடுத்து தூய்மை கேக்கலாம், தூய்மைய குடுத்து ரிஃப்ளக்ஸ் கேக்கலாம், அதே மாடல வச்சே லேப் டேட்டாவுக்கு பாராமீட்டர் (மாடல்ல வர்ற மாறிலி நம்பருங்க) பொருத்தலாம், ஆப்டிமைஸும் பண்ணலாம், தனித்தனியா எழுத வேண்டியதில்ல.

மருந்து பக்கம் இது எங்க சோறு போடுதுன்னா கிரிஸ்டலைசேஷன்ல, அதாவது கரைசல்லேர்ந்து மருந்த படிகமா பிரிக்குறதுல. லேப்ல ஒரு லிட்டர் பாத்திரத்துல அழகா வர்ற படிகம் பெரிய ரியாக்டர்ல ஏன் பொடிப்பொடியா வருது? அதே வடிவத்துல 1 லிட்டர 1000 லிட்டர் ஆக்குனா நீளம் 10 மடங்கு, ஜாக்கெட் (பாத்திரத்த சுத்தி குளிர்ச்சி ஓடுற உறை) பரப்பு 100 மடங்கு, ஆனா கொள்ளளவு 1000 மடங்கு, அப்போ லிட்டருக்கு கெடைக்குற குளிர்ச்சிப் பரப்பு பத்துல ஒண்ணுதான். லேப்ல குளிர வச்ச அதே வேகத்த பிளாண்ட்ல புடிக்கணும்னா ஜாக்கெட்ட ரொம்ப ஜில்லுன்னு வைக்கணும், சுவர் ஓரத்துல மட்டும் கரைசல் எக்கச்சக்கமா ஓவர் சாச்சுரேட் ஆகி (கரையுற அளவுக்கு மேல பொருள் நின்னு) புதுசு புதுசா சின்ன படிகம் கொட்டும், அப்புறம் ஃபில்டர் அடைக்குது டிரையர்ல கட்டி கட்டுதுன்னு கீழ இருக்குறவங்க நம்மள திட்டுவாங்க. ஜிப்ரோம்ஸ்ல படிகம் பொறக்குறது, வளர்றது, ஒண்ணோட ஒண்ணு ஒட்டுறது எல்லாத்தையும் பாப்புலேஷன் பேலன்ஸா (எந்த சைஸ்ல எத்தனை படிகம்ங்கற கணக்கா) எழுதி, நேரத்தோட சைஸ் எப்படி பரவுதுன்னு பாக்கலாம், சீட் (வளர்றதுக்குன்னு முன்கூட்டியே போடுற சின்ன படிகம்) எவ்ளோ எப்போ போடணும்னு கம்ப்யூட்டர்லயே ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் பேட்ச்ச தொடலாம். திடப்பொருள் கையாள்றது, மில்லிங் (அரைக்குறது), மாத்திர அமுக்குறதுக்குன்னு தனி லைப்ரரியும் இருக்கு.

ஆனா எனக்கு இதுல உண்மையிலேயே புடிச்ச விஷயம் வேற, பாராமீட்டர் எஸ்டிமேஷன். எக்செல் சால்வர்ல பொருத்துனா ஒரு நம்பர் வரும், அழகா கிராஃப் வரும், மீட்டிங்ல எல்லாரும் தலையாட்டுவாங்க. ஜிப்ரோம்ஸ்ல ஒரே வெப்பநிலைல எடுத்த டேட்டாவ மட்டும் போட்டுட்டு ஆக்டிவேஷன் எனர்ஜி (வெப்பநிலை மாறினா ரியாக்‌ஷன் வேகம் எவ்ளோ மாறும்னு சொல்ற நம்பர்) கேட்டுப் பாருங்க, நம்பர் வந்தாலும் பக்கத்துல கான்ஃபிடென்ஸ் இன்டர்வல் (நெசமான நம்பர் எதுலேர்ந்து எதுவரைக்கும் இருக்கலாம்ங்கற அகலம்) அந்த நம்பரவிட பெருசா நிக்கும், உன் டேட்டாவ வச்சு இத சொல்ல முடியாதுப்பான்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி. எந்த ரெண்டு பாராமீட்டர் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு கெடக்குதுன்னும் காட்டும், அடுத்து எந்த எக்ஸ்பெரிமென்ட் பண்ணா தெளியும்னு டிசைனும் பண்ணித் தரும். ஐசிஎச் க்யூ8 (மருந்து உருவாக்கத்துக்கான சர்வதேச வழிகாட்டி) படி டிசைன் ஸ்பேஸ் (தரம் கெடாம ஓட்டலாம்னு காட்டுற எல்லை) எழுதுறவங்களுக்கு இது ஒண்ணே போதும்னு சொல்வேன், ஏன்னா அங்க இந்த எல்லை எப்படி வந்துச்சுன்னுதான் கேள்வி வரும்.

இப்போ வலி. எல்லாத்தையும் ஒண்ணா தீக்குற முறைக்கு தொடக்க யூகம் சரியா இருக்கணும், இல்லன்னா சால்வர் எங்கயாவது போயி படுத்துக்கும், எர்ரர் மெசேஜ படிச்சா எந்த யூனிட்ல பிரச்சனன்னே முதல்ல வெளங்காது. சமன்பாடும் வேரியபிளும் எண்ணிக்கைல ஒத்துப்போகணும், ஒண்ணு கூடினாலும் ஓடாது. வழி என்னன்னா சின்ன மாடல ஓட வச்சு, அந்த விடைய சேவ் பண்ணி, அதுலேர்ந்து அடுத்தத தொடங்கி கொஞ்சங்கொஞ்சமா கூட்டிக்கிட்டே போறது, பொறுமை இல்லாத ஆளுக்கு செட்டே ஆவாது. பொருளோட குணங்களுக்கு மல்டிஃபிளாஷ் மாதிரி பேக்கேஜ இணைச்சுக்கலாம், ஆனா வழக்கமான டிஸ்டிலேஷன், ஹீட் எக்ஸ்சேஞ்சர், ஸ்டெடி ஸ்டேட் (நேரத்தோட மாறாத ஓட்டம்)னு மட்டும் உங்க வேலன்னா ஆஸ்பென்ல டேட்டா பேங்க்கோட உக்காந்தா சாயங்காலத்துக்குள்ள முடிச்சுட்டு போலாம், அதுக்கு இத வாங்குறது கொசுவுக்கு பீரங்கி. பாலிடெக்னிக்லயும் யூனிவர்சிட்டியிலயும் படிக்குற தம்பி தங்கச்சிங்க காசு குடுக்காம டிடபிள்யூசிம்ங்கற சிமுலேட்டர எறக்கி கை பழகிக்கோங்க, ஓப்பன் சோர்ஸ், அடிப்படை கத்துக்க தாராளம்.

வாங்கப் போறவங்க டெமோவுல விக்குறவங்க கொண்டு வர்ற உதாரணத்த பாத்து மயங்காதீங்க, அது ஓடத்தான் செய்யும். உங்க லேப் டேட்டாவ, நல்லா வந்தத மட்டுமில்லாம சொதப்புன பேட்ச்சையும் குடுத்து (ரகசிய ஒப்பந்தம் கையெழுத்தானப்புறம்) பொருத்திக் காட்டச் சொல்லுங்க. அப்புறம் பயிற்சிக்கு ஒரு ஆள மட்டும் அனுப்பாதீங்க. இங்க ஆளுங்க கம்பெனி மாறுற வேகம் தெரிஞ்சதுதானே, எழுதுனவரு போயிட்டா அந்த மாடல தொறக்கவே அடுத்தவருக்கு கை நடுங்கும். கொறஞ்சது ரெண்டு பேராவது கத்துக்கணும், எந்த சமன்பாடு எங்கேர்ந்து வந்துச்சு, எந்த பேட்ச் டேட்டான்னு கோட்லயே குறிப்பு எழுதி வைக்கச் சொல்லுங்க.