பழைய ஃப்ளெக்ஸ் மெஷினா, ஈகோ சால்வெண்டா, லேட்டக்ஸா? சென்னையில் சின்னக் கடைக்கு எது சரி

ஸ்டிக்கர், நேம் போர்டு, ஸ்டாண்டி வேலைகளைப் பிடித்து, வெளியில் கொடுத்து அடித்து வாங்கும் கடைக்காரர்கள் பலருக்கும் ஒரு கட்டத்தில் அந்த ஆசை வரும்: நாமே ஒரு மெஷின் போட்டால் என்ன? புதுசின் விலையைக் கேட்டதும் பேச்சு பழசுக்குத் திரும்பும். சென்னையில் விசாரிக்க ஆரம்பித்தால் மூன்று விதமான மெஷின்கள் முன்னால் வந்து நிற்கும். பத்தடி அகலத்தில் பேனர் அடிக்கும் சால்வெண்ட் (கரைப்பான் இங்க்) ஃப்ளெக்ஸ் மெஷின்; நெடி குறைந்த கரைப்பான் இங்க்கில் ஓடும் ரோலண்ட், மிமாகி போன்ற ஜப்பான் ஈகோ சால்வெண்ட் மெஷின்; அப்புறம் தண்ணீர் இங்க்கில் ஓடும் ஹெச்பி லேட்டக்ஸ்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு மூன்று பேர் வேலை பார்க்கும் கடைக்கு ஃப்ளெக்ஸ் மெஷின் வேண்டாம். ஸ்டிக்கரும் லேபிளும் கட்டிங்கும் அதிகம் என்றால் ஈகோ சால்வெண்ட். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ஆபீஸ் சுவர் என்று உள்வேலை எடுப்பவர்களுக்கும், குடித்தனங்களுக்கு நடுவே ஒரு ஏசி அறையில் மெஷின் வைக்க வேண்டியவர்களுக்கும் லேட்டக்ஸ், அதுவும் கரண்ட் லோடு இருந்தால் மட்டும்.

ஃப்ளெக்ஸ் மெஷினை விற்க வருபவர் சொல்லும் வாதம் பலமாகத்தான் இருக்கும். பத்தடி அகலம், லிட்டர் கணக்கில் மலிவான இங்க், முரட்டுத்தனமாக உழைக்கும் கோனிகா 512 ஹெட் (இங்க்கைப் பீய்ச்சும் பாகம்), சைனா சர்க்யூட் போர்டு எதுவானாலும் கழற்றி மாட்ட ஊரில் ஆள். அத்தனையும் உண்மை. ஆனால் அது நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய மெஷின். சாயங்காலம் நிறுத்தும்போது ஹெட்டைக் கழுவி, சால்வெண்டில் நனைத்த துணியோடு உட்கார வைத்துவிட்டுப் போக ஒரு ஆள் வேண்டும். பொங்கலுக்கு நாலு நாள் கடையைச் சாத்தினால், திறக்கிற அன்று ஹெட் எப்படி இருக்குமோ என்ற பயத்தோடுதான் சுவிட்சைப் போட வேண்டும். இங்க்கில் இருக்கும் சைக்ளோஹெக்ஸனோன் மாதிரிக் கரைப்பான்களின் நெடி கடுமையானது. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டாலும் அது தெருவுக்குத்தான் போகும், மேல் மாடியில் குடியிருப்பவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைச் சந்துகளில் பதினைந்தடி நீள மெஷினை உள்ளே கொண்டுபோவதே பெரும்பாடு.

இவை எல்லாவற்றையும் சமாளித்தாலும் வேலையில் மிஞ்சுவது குறைவு. அடுத்த கடைக்காரர் சதுர அடிக்கு ஐம்பது பைசா குறைத்தால் வாடிக்கையாளர் அங்கே போய்விடுவார். நாளெல்லாம் ரோல் ரோலாக அடிக்கிறவருக்குத்தான் அந்த விலை கட்டுப்படியாகும். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்து ஸ்கூட்டரில் போன ஓர் இளம்பெண் இறந்தார். அதற்குப் பிறகு கட்சிகளே பேனர் வைக்காதீர்கள் என்று தொண்டர்களுக்குச் சொல்ல வேண்டி வந்தது. 2022 ஜூலை 1 முதல் 100 மைக்ரானுக்குக் குறைவான பிவிசி பேனர்களுக்கு நாடு முழுக்கத் தடை. ஃப்ளெக்ஸ் தொழில் செத்துவிடவில்லை, ஆனால் ஒரு சின்னக் கடை கையிலிருக்கும் பணத்தை எல்லாம் போட்டு அதன் மேல் நிற்கக் கூடாது.

"அவசரத்துக்கு வேண்டாமா?" என்று கேட்பார்கள். சென்னையில் பேனர் அவசரம் என்றால் முக்கால்வாசி கண்ணீர் அஞ்சலிதான். காலையில் சாவு, இரண்டு மணி நேரத்தில் தெருமுனையில் பேனர் கட்ட வேண்டும். ஆனால் அது பெரும்பாலும் நாலுக்கு ஆறு அளவு. 64 அங்குல ஈகோ சால்வெண்ட் மெஷினில் ஃப்ளெக்ஸ் ரோலைப் போட்டால் நாலடி அகலம் தாராளமாக அடங்கும். பத்தடி வேலை எப்போதாவது வந்தால் வெளியில் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

இனி ஈகோ சால்வெண்ட். சின்னக் கடைகளுக்கு நான் அதிகம் சொல்வது இதைத்தான், பார்த்து வாங்க வேண்டியதும் இதைத்தான். ரோலண்ட் விஎஸ் 640, மிமாகி ஜேவி33, சிஜேவி30 ஆகியவை பழைய சந்தையில் அடிக்கடி வரும். இதில் விஎஸ் 640, சிஜேவி30 இரண்டும் அடித்த ஸ்டிக்கரை அதே மெஷினிலேயே வெட்டித் தந்துவிடும். ஊறுகாய் பாட்டில் லேபிள், பைக் ஸ்டிக்கர், கடைக் கண்ணாடி எழுத்து என்று போகிற கடைக்கு இந்த வசதி ஒன்றே போதும், தனியாக ஒரு கட்டிங் பிளாட்டரும் அதற்கு இடமும் மிச்சம். அடிக்க மட்டும் போதும் என்றால் ஜேவி33.

மெஷினின் உயிர் ஹெட்டில் இருக்கிறது. ஜேவி33-இல் எப்சனின் டிஎக்ஸ்5, விஎஸ் 640-இல் டிஎக்ஸ்7. டிஎக்ஸ்5-இல் எட்டு வரிசை, வரிசைக்கு 180 நாசில் (இங்க் பீய்ச்சும் துளை), மொத்தம் 1,440. அதில் எத்தனை சரியாகப் பீய்ச்சுகிறது என்பதை வைத்துத்தான் மெஷினின் விலையே. ஆகவே பார்க்கப் போகும் முன்பே, "முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து மெஷினை ஆஃப் பண்ணியே வையுங்கள், நாங்கள் வந்து போட்டுக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட வேண்டும். காலையிலேயே இரண்டு மூன்று தடவை கிளீனிங் கொடுத்துச் சூடாக்கி வைத்த மெஷின் எல்லாமே நல்ல மெஷின் மாதிரித்தான் தெரியும்.

போய் நின்றதும் நாசில் செக் ஒன்று எடுங்கள், ஒவ்வொரு துளைக்கும் ஒரு சின்னக் கோடு அச்சாகும் சோதனைத் தாள் அது. எந்த நிறத்தில் எந்தக் கோடு இல்லை என்று அந்தத் தாளிலேயே வட்டமிடுங்கள். சாதாரண கிளீனிங் ஒன்று கொடுத்து மறுபடி எடுங்கள். பிறகு ஒவ்வொரு நிறத்தையும் ஒரு மீட்டராவது முழுப் பூச்சாக அடித்துவிட்டு மூன்றாவது தாளை எடுங்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை தெரிந்துவிடும். மூன்றிலும் அதே இடத்தில் அதே கோடு காணவில்லை என்றால் ஹெட்டிலேயே கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டாவதில் முழுசாக வந்து, மூன்றாவதில் ஒரு நிறம் மொத்தமாகக் கரைந்துபோனால் ஹெட் அநேகமாகத் தப்பு செய்யவில்லை. டாம்பர் (ஹெட்டுக்கு இங்க் தரும் சின்ன அறை), கேப் (ஹெட்டை மூடும் ரப்பர் மூடி), பம்ப் இவற்றில் ஏதோ ஒன்று காற்றை இழுக்கிறது. அதெல்லாம் சில்லறைச் செலவு. நூல் பிடித்தமாதிரி இருக்க வேண்டிய கோடு பக்கத்துக் கோட்டின் மேல் சாய்ந்திருந்தால் அதையும் விடாதீர்கள், முகம் அச்சிடும்போது பேண்டிங் (பட்டை பட்டையாகக் கோடு தெரிவது) அங்கிருந்துதான் வரும்.

டார்ச் அடித்து கேப் ஸ்டேஷனைப் பாருங்கள். கேப்பின் ரப்பர் விளிம்பில் இங்க் தார் மாதிரி இறுகியிருந்தால், அந்த மெஷினை யாரும் கவனிக்கவில்லை என்று அர்த்தம். ஹெட்டைச் சுமந்து ஓடும் கேரியேஜைத் திறக்க விட்டால் ஹெட்டுக்குப் போகும் ரிப்பன் கேபிள் முனையையும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே இங்க் ஈரம் பட்டு ஷார்ட் ஆனால் ஹெட் போவதோடு நிற்காது, மெயின் போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். பட்டறையில் கழற்றிய ஹெட்டைச் சரியாகத் துடைக்காமல் மாட்டியதால் புகை வந்த மெஷின்களைப் பற்றி எந்த சர்வீஸ் இன்ஜினியரைக் கேட்டாலும் சொல்வார். மெஷின் மெனுவிலிருந்தே ரிப்போர்ட் அச்சிட்டுப் பார்க்கலாம். ஹெட் எவ்வளவு பயன்பட்டிருக்கிறது என்று சர்வீஸ் மெனுவில் கணக்கு இருக்கும். விற்பவர் வாய்க்கணக்கைவிட அது மேல்.

பழைய டிஎக்ஸ்5 ஹெட்டுகளை வெளிச்சந்தையில் லாக் (மின்னணுப் பூட்டு உள்ளது), அன்லாக் (பூட்டு இல்லாதது) என்று வகை பிரித்து விற்கிறார்கள். உங்கள் போர்டு எதை ஏற்கும் என்று தெரியாமல் ஹெட் வாங்கினால் பணம் வீண். மெஷினுக்கு விலை பேசுவதற்கு முன்பே, இந்த மாடலுக்கு ஒரு ஹெட் இன்று என்ன விலை, கையிருப்பு உண்டா என்று இரண்டு இடத்திலாவது கேட்டு வையுங்கள். அந்தத் தொகையை மனதில் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

இதே ஐந்தடி, ஆறடி அகலத்தில் எக்ஸ்பி600 ஹெட் போட்ட சைனா மெஷின்களும் வரும். எப்சன் மேசை பிரிண்டருக்குச் செய்த ஹெட் அது. மலிவு, போனால் மனம் பதறாது. உழைப்பு மட்டும் குறைவு, ஃபிரேமும் சில வருடத்தில் ஆட்டம் கண்டுவிடும். பழகிக்கொள்ள வாங்கலாம். மாதாமாதம் வாடகை கொடுக்க வேண்டிய கடைக்கு, நல்ல ஹெட்டோடு கிடைக்கும் ஜப்பான் மெஷினே மேல்.

ஈகோ சால்வெண்டுக்கு ஒரு குறை உண்டு. அடித்த ஸ்டிக்கரை உடனே லேமினேட் செய்யக் கூடாது, ஒரு நாளாவது காற்றாட விட வேண்டும். இல்லாவிட்டால் கரைப்பான் உள்ளேயே மாட்டிக்கொண்டு பசையைக் கெடுக்கும், ஓரம் தூக்கும். "இன்னைக்கே ஒட்டிக் குடுங்க" என்கிற வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது தினசரி வேலை.

லேட்டக்ஸ் ஜெயிப்பது அந்த இடத்தில்தான். தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட இங்க், மெஷினுக்குள்ளேயே சூட்டில் காய்ந்து வெளியே வரும். வந்த கையோடு லேமினேட் செய்யலாம். நெடி கிடையாது என்றே சொல்லலாம். குழந்தைகள் வார்டுக்குச் சுவர் ஸ்டிக்கர் ஒட்டும்போது இது பெரிய விஷயம், கேட்டு வாங்கும் வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். பழைய சந்தையில் பார்க்க வேண்டியது 300 வரிசை. 310 மாடல் 54 அங்குலம், 330, 360 இரண்டும் 64 அங்குலம். ஹெட் இதில் ஒரு நுகர்பொருள்தான். போனால் இன்ஜினியரைக் கூப்பிடாமல் நாமே சில நிமிடத்தில் கழற்றி மாட்டிவிடலாம். வாரக் கணக்கில் வேலை இல்லாமல் நின்றாலும் ஈகோ சால்வெண்ட் அளவுக்கு வயிற்றைக் கலக்காது.

பிறகு ஏன் எல்லோரும் இதையே வாங்குவதில்லை? முதல் காரணம் கரண்ட். ஒரு பழைய ஈகோ சால்வெண்ட் மெஷின் ஹீட்டரோடு சேர்த்து ஏறத்தாழ ஒரு கிலோவாட்டில் ஓடிவிடும். லேட்டக்ஸ் அதைப்போல் இரண்டு பங்கு கேட்கும், 360 மாடல் நாலு கிலோவாட்டையும் தாண்டும். அந்தச் சூட்டைத் தணிக்க ஏசிக்குத் தனி லோடு. பழைய கட்டடத்தில் சிங்கிள் ஃபேஸ் இணைப்போடு இருக்கும் கடை முதலில் மின்வாரியத்தில் லோடு கூட்டி வாங்க வேண்டும், வீட்டுக்காரர் சம்மதமும் வேண்டும். இரண்டாவது காரணம் இங்க். சிப் வைத்த கார்ட்ரிட்ஜ், கம்பெனி விலை. ஈகோ சால்வெண்டில் வெளிச்சந்தை இங்க்குக்கு இருக்கும் போட்டி இங்கே கிடையாது. மூன்றாவது, உதிரிபாகம். இங்க்கைச் சூட்டில் காயவைக்கும் க்யூரிங் பகுதியில் கோளாறு வந்தால் மூலைக்கடை மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது. 300 வரிசைக்கு 831 என்ற எண் கொண்ட இங்க்கும் ஹெட்டும், அதற்கு முந்தைய 260 மாடலுக்கு 792. அட்வான்ஸ் கொடுக்கும் முன் இந்த எண்களைச் சொல்லி டீலரிடம் கையிருப்பைக் கேளுங்கள். 260 மலிவாக வருகிறதே என்று சபலப்பட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். சூட்டில் சுருங்கும் மெல்லிய மெட்டீரியலையும் லேட்டக்ஸில் ஜாக்கிரதையாகத்தான் ஓட்ட வேண்டும்.

ஆர்க்கிடெக்ட், இன்ஜினியர் ஆபீஸ்களுக்கு பிளான் அடித்துக் கொடுப்பது மட்டுமே வேலை என்றால் இந்த மூன்றுமே வேண்டாம். 36 அல்லது 42 அங்குல ஹெச்பி டிசைன்ஜெட் மாதிரி ஒரு பிளாட்டர் போதும். பழைய டிசைன்ஜெட் 500, 800 வரிசை என்றால் கேரியேஜ் பெல்ட்டை விரலால் தொட்டுப் பாருங்கள், பொடியாக உதிர்ந்தால் விட்டுவிடுங்கள்.

எந்த மெஷினானாலும் சென்னையில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: 2015 டிசம்பரில் இது எங்கே இருந்தது, 2023 டிசம்பரில் எங்கே இருந்தது? மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தண்ணீர் புகுந்து மெஷின்கள் முழுகின. கழுவித் துடைத்து விற்பனைக்கு வைத்தாலும் தடயம் எங்காவது இருக்கும். ஸ்டாண்டின் அடிக்கால் போல்ட்டுகள், பவர் சப்ளை பெட்டியின் திருகுகள், தரையை ஒட்டிய ஒயர் முனைகள், இந்த இடங்களில் துருவும் காய்ந்த சேற்றுக் கோடும் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

உங்கள் கடையிலும் பார்க்க வேண்டியது உண்டு. இந்த மெஷின்களுக்குப் பொதுவாக 20 முதல் 30 டிகிரி வரையான சூடு தோது. மே மாதத்தில் ஏசி இல்லாமல் ஓட்டுவது ஹெட்டுக்குக் கேடு. நவம்பர் ஈரத்தில் வினைலின் பின்தாள் ஈரம் குடித்து ஓரம் சுருண்டு எழும், ஹெட் அதில் உரசும். எர்த் சரியில்லாத பழைய கட்டடத்தில் புது எர்த் குழி போட்டுவிடுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பல இன்ஜினியர்கள் மெஷினைத் தொடவே மாட்டார்கள். ஈகோ சால்வெண்டுக்கு யுபிஎஸ் கட்டாயம். நடு அச்சில் கரண்ட் போனால் ஹெட் மூடியில்லாமல் வெளியே நின்றுவிடும், திரும்ப வருவதற்குள் இங்க் காய்ந்துவிடும்.

பணம் கைமாறும் முன், படத்தை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தரும் ரிப் சாஃப்ட்வேரைப் பற்றிப் பேசி முடியுங்கள். டாங்கிளா (கம்ப்யூட்டரில் செருகும் சாவி), லைசன்ஸ் கீயா, பெயர் மாற்றித் தருவார்களா என்று. டாங்கிள் இல்லாமல் வந்த மெஷின் ஒரு வாரம் சும்மா நிற்கும். ஜிஎஸ்டி பில் போட்டு விற்பவராக இருந்தால் நல்லது, நீங்களும் பதிவு செய்தவரானால் கட்டிய வரியை இன்புட் கிரெடிட்டாக எடுக்கலாம், மெஷின் யாருடையது என்பதற்கும் காகிதம் இருக்கும்.

வண்டியில் ஏற்றி இறக்குவதில் கெட்ட மெஷின்கள் ஏராளம். இங்க்கை வடித்து, கேரியேஜை லாக் செய்து, சாய்க்காமல் கொண்டுவர வேண்டும். 64 அங்குல மெஷின் ஸ்டாண்டோடு எட்டடிக்கு மேல் நீளம், டாடா ஏஸில் வாலை நீட்டிக்கொண்டு வரும். பெரிய வண்டியாகப் பிடியுங்கள். கழற்றுவதற்கும் மாட்டுவதற்கும் ஒரே இன்ஜினியரை வையுங்கள், அவர் கூலியை நீங்களே கொடுங்கள். விற்பவரிடம் பேசிய தொகையில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, உங்கள் கடையில் மெஷின் ஏறி, நாசில் செக் தாள் அங்கே எடுத்த தாளோடு ஒத்துப்போன பிறகு தருவதாக முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல மெஷின் வைத்திருப்பவர் இதற்கு மறுப்பு சொல்ல மாட்டார்.