எஸ்சிடலோப்ராமா, குளோனசிபாமா?

பேனிக் அட்டாக்கை, அதாவது திடீரென்று வரும் கடும் பதற்றத்தை, மாரடைப்பு என்று நினைத்து எமர்ஜென்சிக்கு ஓடி, இ.சி.ஜி. நார்மல் என்று திருப்பி அனுப்பப்பட்ட கூட்டத்தில் நானும் ஒருத்தி. அடுத்து மனநல மருத்துவரிடம் போனபோது இந்த இரண்டு மாத்திரைகளையும் பற்றி விளக்கினார். நான் எஸ்சிடலோப்ராம் பக்கம் போனேன், இதை எழுதுவதும் அந்தப் பக்கம் சாய்ந்துதான்.

வேகத்தில் போட்டியே இல்லை. குளோனசிபாம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் படபடப்பை அடக்கிவிடும். எஸ்சிடலோப்ராம் வேலை காட்டவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதுகூடப் பரவாயில்லை, முதல் வாரத்தில் பதற்றம் கூடவும் செய்யலாம். எனக்குக் குமட்டலும் தூக்கமின்மையும் சேர்ந்தே வந்தன. அதனால்தான் பலருக்கு 5 மி.கி.யில் தொடங்கி 10-க்கு ஏற்றுகிறார்கள். தாம்பத்தியத்தில் நாட்டம் குறைவதும் உண்டு, டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவு தொல்லை இருந்தும் இதை எடுத்ததற்கு ஒரே காரணம், நிறுத்தும்போது என்ன ஆகும் என்பதுதான். குளோனசிபாமைத் தினமும் போட்டால் சில வாரங்களிலேயே உடம்பு அதற்குப் பழகிவிடும். பிறகு சட்டென்று விட்டால் பழைய பதற்றம் முன்னைவிடப் பலமாகத் திரும்பும், தூக்கம் போகும், வலிப்புகூட வரலாம். எங்கள் பெரியம்மா இதைத் 'தூக்க மாத்திரை' என்று வருடக்கணக்கில் போட்டவர். குறைக்கச் சொன்னதும், அந்தச் சின்ன அரை மில்லிகிராம் மாத்திரையைப் பிளேடால் கால் காலாக நறுக்கி, தூளைக்கூட விடாமல் விரலால் ஒற்றி எடுப்பார். வயதானவர்களுக்குத் தடுமாறி விழும் ஆபத்தும் இதில் அதிகம்.

அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020-இல் குளோனசிபாம் வகை (பென்சோடயசெபின்) மருந்துகள் அத்தனைக்கும் அடிமையாதல் பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கையை, அதாவது மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டிப் போடும் மிகக் கடுமையான எச்சரிக்கையை, கொண்டுவந்தது.

எஸ்சிடலோப்ராமையும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். குறைக்கும்போது எனக்குத் தலைக்குள் கரண்ட் சுண்டினாற்போல அவ்வப்போது வந்து போனது, கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. சமாளித்துவிட்டேன். எல்லாருக்கும் இவ்வளவு லேசாக முடியும் என்று சொல்லமாட்டேன். அதே குடும்பத்துப் பராக்சடீனை விடுவது இன்னும் கஷ்டம் என்பார்கள், நான் அதைப் போட்டதில்லை.

குளோனசிபாமுக்கும் இடம் உண்டு. எஸ்சிடலோப்ராம் வேலை செய்யத் தொடங்கும்வரை சில வாரங்களுக்குத் துணையாகக் கொடுப்பார்கள், அது நியாயம்தான். ஆனால் இரண்டையும் ஒன்றாக அடைத்த மாத்திரை நம் ஊர்க் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. அதில் எஸ்சிடலோப்ராமைத் தொடர்ந்துகொண்டே குளோனசிபாமை மட்டும் குறைக்க வழியில்லை. சீட்டில் அது இருந்தால், இரண்டையும் தனித்தனியாக எழுதித் தர முடியுமா என்று டாக்டரிடம் அங்கேயே கேட்டுவிடுங்கள்.