கீழ்முதுகு அழுத்த முறிவு: ஓய்வா, பிரேஸா, அறுவைச் சிகிச்சையா?

டர்பனில் கிரிக்கெட் பருவம் சூடுபிடித்திருக்கும் வேளையில், வேகப்பந்து வீசும் பதினைந்து வயதுப் பையன் கீழ்முதுகில் ஒரு பக்கம் வலிக்கிறது என்றால், சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நம் வீடுகளில் முதலில் தைலம்தான் தேய்ப்பார்கள். தசைப்பிடிப்பாக இருந்தால் அது சில நாளில் தணிந்துவிடும். முதுகைப் பின்னால் வளைக்கும்போது வலி கூடி, வாரக்கணக்கில் நீடித்தால் எலும்பைச் சந்தேகிக்க வேண்டும். பின்னால் வளைந்து முறுக்கும் அசைவு ஓயாமல் நிகழும்போது, பெரும்பாலும் ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்பின் பின்புறத்திலுள்ள ஒடுங்கிய எலும்புப் பகுதியில் கீறல் விழுகிறது. ஸ்பாண்டிலோலைசிஸ் எனப்படும் இந்த முறிவு, வலக்கைப் பந்துவீச்சாளருக்குப் பெரும்பாலும் இடப்பக்கத்தில் வரும்.

எதைக் கொண்டு கண்டறிவது என்பதே முதல் கேள்வி. எக்ஸ்ரே மலிவானது, உடனே கிடைப்பது. ஆனால் தொடக்கநிலைக் கீறலைப் பெரும்பாலும் காட்டாது என்பதால், 'எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை' என்ற சொல்லை நம்பிப் பையனை மறுபடி பந்து வீச அனுப்புவதுதான் இதில் மிகப் பெரிய ஆபத்து. சி.டி. ஸ்கேன் கீறலைத் துல்லியமாகக் காட்டினாலும் வளரும் உடலுக்குக் கதிர்வீச்சைக் கொடுக்கிறது. கீறிய எலும்பு ஒட்டிக் கூடியதா என்று பின்னர் பார்ப்பதற்கே அது கூடுதலாகப் பயன்படும். எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை, கீறல் முற்றுமுன்பே எலும்பின் உள்வீக்கமும் தெரியும், ஆகவே என் வாக்கு அதற்கே. மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) உள்ளவர்கள் முன்அனுமதி பெற வேண்டியிருக்கும். அரசு மருத்துவமனையை நம்பியிருப்பவர்கள் பரிந்துரைக் கடிதத்தோடு காத்திருக்க நேரலாம், ஆனால் காத்திருக்கும் காலத்தில் பந்து வீசாமல் இருப்பதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை.

தென்னாப்பிரிக்காவில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இங்கே பரவலாக உள்ள காசநோய் முதுகெலும்பையும் தாக்கக்கூடும் என்பதால், இரவில் எழுப்பும் வலி, காய்ச்சல், எடைக் குறைவு, காலில் பலவீனம், சிறுநீர் கழிப்பதில் சிரமம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் விளையாட்டுக் காயம் என்று முடிவுகட்டாமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

சிகிச்சையில் ஓய்வும், முதுகை அசையவிடாமல் பிடிக்கும் பட்டையான பிரேஸும்தான் பலரையும் குழப்பும் போட்டி. அறுவையின்றிச் சிகிச்சை பெற்ற இளையோரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் வெளிவந்த அலசலில், ஏறத்தாழ 84 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பின்னும் நலமாக இருந்தனர். பிரேஸ் அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எலும்பு கூடுவது வேறு கணக்கு: ஒருபக்கக் கீறலில் சுமார் 71 விழுக்காடும், இருபக்கக் கீறலில் 18 விழுக்காடு மட்டுமே கூடின, நாள்பட்டு முற்றியவை கூடவே இல்லை. எலும்பு கூடாமலே வலியின்றி விளையாடுவோர் பலர் உண்டு. எனவே, விலை கூடிய கடினமான பிரேஸை, சொன்ன பேச்சைக் கேட்காமல் ஓடியாடும் பிள்ளையை அடக்கி வைக்கவும், ஓய்விலும் தணியாத வலிக்கும் மட்டுமே நான் ஏற்பேன். அதை மாட்டிக்கொண்டு வலைப்பயிற்சிக்குப் போவது வீண் செலவு.

ஓய்வு என்பது படுக்கையில் கிடப்பதன்று. பந்துவீச்சையும் பின்வளைவையும் மூன்று மாதம் போல நிறுத்தி, வலி நீங்கியபின் பிசியோதெரபிஸ்ட் துணையோடு வயிறு, இடுப்புத் தசைகளை வலுவாக்கி, தொடையின் பின்தசை இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும். ஜனவரியில் கண்டறிந்தால் அந்தப் பருவம் போயிற்று என்றே வைத்துக்கொள்ள வேண்டும்; பயிற்சியாளர் அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிட்டாலும் பெற்றோர் அசையக் கூடாது.

அறுவைச் சிகிச்சை கடைசியில்தான் வரும். ஆறு மாதத்துக்கு மேல் முறையாக ஓய்வெடுத்தும் வலி தீராதபோதும், இருபக்கக் கீறலால் முள்ளெலும்பு முன்னோக்கி நழுவுவது கூடும்போதும், நரம்பு அழுத்தப்படும்போதும் மருத்துவர்கள் அதை எடுத்துப் பேசுவார்கள். நழுவல் இல்லாத இளையோருக்குக் கீறலை நேரடியாகத் திருகாணியாலோ கம்பியாலோ இணைக்கும் முறைகள் இருக்கின்றன. அவை முதுகின் அசைவைப் பெரும்பாலும் காப்பாற்றுகின்றன. இரண்டு முள்ளெலும்புகளை ஒன்றாக இணைக்கும் முறையில் அந்த இடத்து அசைவு நின்றுபோகும். அதனால் நழுவல் கூடுதலாக உள்ளவர்களுக்கே அது பொருந்தும்.